லாட்டரி குலுக்கலை நேரலையில் காட்டுகிறார்களே, அப்புறமும் சந்தேகப்பட வேண்டுமா?

நேரலையை மட்டும் வைத்து நம்பக் கூடாது. அது காட்டுவது எண் விழும் அந்த ஓரிரு நிமிடங்களைத்தான். உலகறிந்த இரண்டு பெரிய மோசடிகளிலும் வேலை அதற்கு முன்பே முடிந்துவிட்டது.

முதலாவது, அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 1980 ஏப்ரல் 24 அன்று நடந்தது. மூன்று இலக்க எண்ணுக்கான தினசரிக் குலுக்கல் அது. மூன்று இயந்திரங்கள், ஒவ்வொன்றிலும் 0 முதல் 9 வரை பத்துப் பிங்பாங் பந்துகள். கீழிருந்து காற்று ஊதும், குழாயில் ஏறிவரும் பந்தே வெற்றி எண். 4, 6 தவிர மற்ற பந்துகளுக்குள் ஊசி வழியாக வெள்ளை லேடக்ஸ் பெயின்ட்டைச் செலுத்திவிட்டார்கள். பிங்பாங் பந்தின் எடையே சுமார் இரண்டரை கிராம்தான். அதில் கொஞ்சம் பெயின்ட் சேர்ந்தாலும் காற்று அதைத் தூக்கத் திணறும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. மிஞ்சிய இரண்டு இலக்கங்களை வைத்து 444, 446, 464, 466, 644, 646, 664, 666 என எட்டு எண்கள்தான் வர முடியும். எட்டிலும் பணம் கட்டினார்கள். 666 விழுந்தது.

அத்தனையும் தொலைக்காட்சியில் நேரலையாகப் போனது. கேமரா முன் நின்று நிகழ்ச்சியை நடத்திய அறிவிப்பாளர் நிக் பெரியே உடந்தை. லாட்டரி அதிகாரி ஒருவரும் கூட்டு. காட்டிக்கொடுத்தது விற்பனைக் கணக்குதான்: அந்த எட்டு எண்களில் மட்டும் வழக்கத்துக்கு மீறிப் பணம் குவிந்திருந்தது. பெரிக்கு 1981இல் தண்டனை கிடைத்தது.

பந்துக் குலுக்கலில் கேட்க வேண்டிய கேள்விகள் இதிலிருந்தே கிடைக்கின்றன. பந்துகள் எங்கே பூட்டியிருந்தன, சாவி ஒரே ஆளிடமா, இரண்டு பேரிடமா? எந்தச் செட் பந்து, எந்த இயந்திரம் என்பதைக் கடைசி நேரத்தில் சீட்டுப் போட்டு எடுத்தார்களா? குலுக்கலுக்கு முன்னும் பின்னும் எடை போட்டார்களா? பின்னால் எடை போடுவது முக்கியம். வேலை முடிந்ததும் பந்துகளை மாற்றிவிட்டால் எந்தத் தடயமும் மிஞ்சாது.

கணினிக் குலுக்கல் இன்னும் சிக்கல், பார்ப்பதற்கே ஒன்றும் இல்லை. பல மாநில லாட்டரிகளை நடத்தும் அமெரிக்கச் சங்கத்தில் கணினிப் பாதுகாப்புக்குப் பொறுப்பாக இருந்த எடி டிப்டன், எண் எடுக்கும் நிரலிலேயே சில வரிகளைச் சொருகினார். வருடத்தின் குறிப்பிட்ட சில தேதிகளில், அதுவும் குறிப்பிட்ட கிழமையும் நேரமும் பொருந்தினால் மட்டும், முன்கூட்டியே கணிக்கக்கூடிய எண்கள் வரும். மற்ற நாள்களில் நிரல் ஒழுங்காக ஓடும், ஆகவே சோதனை ஓட்டங்களில் எல்லாம் தேறிவிடும். 2010 டிசம்பர் 29 அன்று ஹாட் லாட்டோ என்ற லாட்டரியில் ஒன்றரைக் கோடி டாலரைத் தாண்டிய பரிசு இப்படி விழுந்தது.

அவர் மாட்டியது பரிசைக் கேட்டு வாங்க முயன்றதில். ஏறத்தாழ ஒரு வருடம் கழித்து, கெடு முடியச் சில மணி நேரம் இருக்கையில், பெலீஸ் நாட்டு நிறுவனம் ஒன்றின் பெயரில் சீட்டு வந்தது. வாங்கியவர் யாரென்று சொல்லாமல் பணம் தர முடியாது என்றது, அந்தச் சீட்டை விற்ற அயோவா மாநில லாட்டரி. சீட்டு வாங்கிய கடையின் கேமராப் பதிவு 2014இல் வெளியானதும் ஆளை அடையாளம் கண்டார்கள். அதே நிரல் ஓடிய இன்னொரு மாநிலமான விஸ்கான்சினில் பழைய எண் எடுப்புக் கணினியைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தார்கள். சொருகிய நிரல் அதில்தான் அகப்பட்டது. பழைய கணினிதானே என்று அழித்திருந்தால் நிரல் சாட்சி போயிருக்கும்.

எண் விசித்திரமாக இருந்தாலே மோசடி என்று கிளம்புவதும் தவறு. பல்கேரியாவில் 2009 செப்டம்பரில் அடுத்தடுத்த இரண்டு குலுக்கல்களில் அதே ஆறு எண்கள் வந்தன. விசாரித்தும் முறைகேடு எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை. தென்னாப்பிரிக்காவில் 2020 டிசம்பர் 1 அன்று 5, 6, 7, 8, 9 வந்து, பவர்பால் எனப்படும் தனியாக எடுக்கும் ஆறாவது எண் 10 ஆனது. வேறு எந்த ஆறு எண்களுக்கும் உள்ள அதே வாய்ப்புதான் இதற்கும். 20 பேர் பரிசைப் பங்கு போட்டார்கள், வரிசை எண்களைத் தேர்ந்தெடுப்பவர்கள் எங்கும் உண்டு. எண்ணை முறைத்துப் பார்ப்பதைவிட, அதில் யார், எப்போது, எவ்வளவு கட்டினார்கள் என்று பார்ப்பதே பயன் தரும்.

நம் ஊர்க்காரர்கள் கேட்பது பெரும்பாலும் கேரள லாட்டரியைப் பற்றி. தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரிக்குத் தடை. கேரளத்தில் அச்சிட்ட சீட்டை அரசே வெளியிடுகிறது, எண் உங்கள் கையில் முன்பே இருக்கிறது. 1998ஆம் ஆண்டு மத்தியச் சட்டப்படி குலுக்கலை அந்த மாநில அரசே, மாநிலத்துக்குள்ளேயே நடத்த வேண்டும். ஒற்றை இலக்கத்தை வைத்துப் பரிசு தரவும் கூடாது. கடைசி ஓர் எண்ணுக்குப் பணம் என்று யாராவது விற்றால் அது வெறும் சூதாட்டம். கேரளச் சீட்டை ஆன்லைனிலோ வாட்ஸ்அப்பிலோ விற்க அனுமதி இல்லை. பரிசு விழுந்ததாகச் சொல்லி முன்பணம் கேட்டால் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். எண்ணை வாட்ஸ்அப் படத்தை வைத்து முடிவு செய்யாமல் கேரள அரசிதழில் வருவதோடு ஒப்பிடுங்கள். சீட்டு கிழியாமல், நனையாமல் இருக்கட்டும். பின்பக்கம் உங்கள் பெயர், முகவரி எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகே அடுத்தவர் கையில் கொடுங்கள்.