வாசகர் கேள்விகள்: புதன்கிழமை பிரிட்ஜ்

கேள்வி: எனக்கு 61 வயது. நாகர்கோவிலில் வளர்ந்தவள். லீவு விட்டால் பெரியம்மா வீட்டுத் திண்ணையில் இருபத்தெட்டு என்ற சீட்டாட்டம் ஆடித்தான் பொழுது போகும். இப்போது எங்கள் ஏரியா கிளப்பில் புதன்கிழமைதோறும் டூப்ளிகேட் பிரிட்ஜ் என்ற சீட்டாட்டம் நடக்கிறது. சேர ஆசை. மகனோ, "இந்த வயசில் சூதாட்டமா?" என்கிறான். எனக்கு எப்போதுமே நல்ல சீட்டு வராது. நான் போய் என்ன ஆட?
- ஒரு வாசகி, நங்கநல்லூர்

பதில்: தாராளமாகப் போங்கள் அம்மா. நல்ல சீட்டு வராது என்பவர்கள்தான் முதலில் இதற்கு வர வேண்டும் என்பேன்.

பிரிட்ஜ், மேசைக்கு நாலு பேர் எதிரெதிரே இரண்டு ஜோடியாக உட்கார்ந்து ஆடுவது. வீட்டில் ஒரு ஆட்டம் முடிந்தால் சீட்டைக் கலைத்துவிடுகிறோம். டூப்ளிகேட்டில் ஒருமுறை பிரித்த சீட்டு அன்று முழுக்கக் கலையாது. நாலு திசைக்கு நாலு அறை வைத்த தட்டு ஒன்று இருக்கும், போர்டு என்போம். சீட்டை மேசை நடுவில் போடக் கூடாது. அவரவர் முன்னால் காட்டிவிட்டு அங்கேயே கவிழ்க்க வேண்டும். நாலு பேரும் ஆளுக்கொரு சீட்டுப் போட்டு ஜெயிக்கும் சுற்றுதான் பிடி. அது நமக்கென்றால் நெட்டுவாக்கில், எதிராளிக்கென்றால் குறுக்குவாக்கில். 13 பிடியும் முடிந்ததும் சீட்டை அந்தந்த அறையில் செருகினால் போர்டு அடுத்த மேசைக்குப் போய்விடும். அங்கே உங்கள் அதே 13 சீட்டை வைத்துக்கொண்டு இன்னொருவர் மல்லுக்கட்டுவார். கடைசியில் அதே பக்கம் உட்கார்ந்து அதே சீட்டை ஆடியவர்களோடு மட்டும்தான் உங்களை ஒப்பிடுவார்கள். ஒரு ஜோடியை மிஞ்சினால் 2 புள்ளி, சமமானால் 1.

சமீபத்தில் எனக்கு ஒரு கை வந்தது. படம் என்று பார்த்தால் டைமன் ஜாக் ஒன்றுதான். எதிராளிகள் நாலு இஸ்பேட், அதாவது இஸ்பேட் துருப்பாக 10 பிடி எடுப்போம் என்று ஏலம் எடுத்து, துருப்பை வரிசையாக இறக்கினார்கள். இஸ்பேட் தீர்ந்துபோன நான் ஒவ்வொரு சுற்றுக்கும் ஏதாவது ஒரு சீட்டைக் கழித்தாக வேண்டும். டம்மியில், அதாவது ஏலம் எடுத்தவரின் கூட்டாளி எல்லோரும் பார்க்க விரித்து வைத்த கையில், டைமன் ஏஸ், ராஜா, ராணி, 3. என்னிடம் ஜாக், 9, 7, 4. அந்த 4 எதற்கும் ஆகாது என்றுதான் தோன்றும். ஆனால் அதைக் கழித்தால், மூன்று சுற்றில் என் ஜாக் விழுந்து டம்மியின் 3 கூட ஒரு பிடி எடுத்துவிடும். டம்மியில் நாலு டைமன் இருந்தால் என் நாலு டைமனில் ஒன்றையும் நான் விடக் கூடாது என்று ஹார்ட்டையும் கிளாவரையும் கழித்தேன். அவர்களுக்கு 10 பிடி, 420 புள்ளி. மற்ற ஆறு மேசையிலும் எங்கள் பக்கம் ஆடியவர்கள் எதிராளிக்கு 11 பிடி கொடுத்து 450 எழுதியிருந்தார்கள். ஆறு ஜோடியையும் மிஞ்சியதால் எங்களுக்கு 12-க்கு 12. அந்த மட்டமான கையில் கிடைத்த சந்தோஷம் ஏஸும் ராஜாவுமாக வரும் கையில் எனக்குக் கிடைத்ததில்லை.

மகனிடம் இதைச் சொல்லுங்கள். 1967-ல் ரம்மி வழக்கில் உச்ச நீதிமன்றம், ரம்மி வெறும் அதிர்ஷ்ட ஆட்டமல்ல என்று தீர்ப்பளித்தபோது, பிரிட்ஜில் சீட்டுப் பிரிப்பதில் எந்த மாதிரி அதிர்ஷ்டம் உண்டோ அதுதான் ரம்மியிலும் என்றது. டூப்ளிகேட்டில் அந்த அதிர்ஷ்டத்திலும் பெரும்பகுதி கழிந்துவிடுகிறது. எங்கள் கிளப்பில் மேசைக் கட்டணம் தவிர காசு கைமாறுவதில்லை. வயதைப் பற்றிப் பேசினால், 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் ஆண்கள் ஜோடிப் பிரிவில் இந்தியாவுக்குத் தங்கம் வாங்கித் தந்த பிரணாப் பர்தனுக்கு அப்போது 60 வயது, ஷிப்நாத் சர்க்காருக்கு 56.

இருபத்தெட்டு ஆடியவருக்கு ஏலம், கூட்டாளி, துருப்பு எதுவுமே புதிதில்லை. ஜாக்குக்கும் 9-க்கும் அங்கே உள்ள மவுசு மட்டும் இங்கே கிடையாது, ஏஸ்தான் பெரிது. ஏலத்தை வாயால் கேட்பதில்லை, பெட்டியிலிருந்து அட்டை எடுத்து வைக்க வேண்டும். குரலை ஏற்றி இறக்கினாலே கூட்டாளிக்குச் சேதி போய்விடும் அல்லவா? ஜோடி இல்லையென்றால் முதல் நாளே ஆட்டத்தை நடத்தும் டைரக்டரிடம் சொல்லி வையுங்கள். ஆட்டத்தில் எந்தச் சந்தேகம் வந்தாலும் அவரைக் கூப்பிடலாம், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

கேள்வி: நானும் கணவரும் ஜோடி. போர்டு முடிந்த கையோடு, "ராணியை ஏன் விட்டே?" என்று எல்லார் முன்னாலும் கேட்கிறார். என்ன செய்ய?
- இன்னொரு வாசகி, மதுரை

பதில்: அந்த போர்டை இனிமேல்தான் ஆடப்போகிறவர்கள் பக்கத்து மேசையில் இருப்பார்கள். ராணி எங்கே என்று அவர்கள் காதில் விழுந்தால் ஆட்டமே கெட்டுவிடும். இதை டைரக்டரை விட்டே அவரிடம் சொல்லச் சொல்லுங்கள். போர்டு நம்பரை ஸ்கோர் தாளில் குறித்துக்கொண்டு வந்தால், வீட்டில் காபி குடித்துக்கொண்டே நாலு கையையும் எழுதிப் பார்த்துப் பேசலாம். ராணியை விட்டது சரியாகவும் இருக்கலாம்.