"அந்த அண்ணன் இருந்தா வரமாட்டேன்" – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். கல்லூரி முடித்ததிலிருந்து எங்கள் சபையில் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். லீவு விட்டால் வி.பி.எஸ். (விடுமுறை வேதாகமப் பள்ளி) வேலையும் என் தலையில்தான். இந்த வருடம் மேலிடத்திலிருந்து பிள்ளைகள் பாதுகாப்புக்கென்று ஒரு படிவம் வந்திருக்கிறது. பெரியவர் யாரும் பிள்ளையோடு தனியாக இருக்கக்கூடாது, பைக்கில் தனியாக ஏற்றிப்போகக்கூடாது, பிள்ளைகளுக்குத் தனியாக வாட்ஸ்அப் அனுப்பக்கூடாது என்று வரிசையாக விதிகள். எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டுமாம்.

கமிட்டியில் ஒரே கொந்தளிப்பு. "ஊழியம் செய்ய வருகிறவனைத் திருடன் மாதிரி நடத்தினால் எவன் வருவான்? இதெல்லாம் ஆர்.சி.காரர்கள் பிரச்சினை. அங்கே ஃபாதர்மார் கல்யாணம் பண்ணுவதில்லை. நம் சபைப் போதகர்களான ஐயர்மார் குடும்பஸ்தர்கள்" என்றார் ஒரு பெரியவர். எங்கள் ஐயரோ மத்தேயு 18-ஐத் திறந்து, குறை இருந்தால் முதலில் அவரிடமே தனியாகப் பேச வேண்டும், பிறகுதான் சபை, போலீசுக்குப் போவது வேதமுறை அல்ல என்றார். நாட்டு நிலைமையைப் பார்த்தால் அதிலும் நியாயம் இருக்கிறதோ என்று தோன்றுகிறது. நம்மைப் பற்றி ஒரு செய்தி வராதா என்று காத்திருப்பவர்கள் கொஞ்சமா?

இன்னொன்று. எங்கள் பாடகர் குழுவில் இருந்த ஒரு பையன் திடீரென்று நின்றுவிட்டான். ஏன் என்று கேட்டால், "அந்த அண்ணன் இருந்தா வரமாட்டேன்" என்கிறான். அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை. அவன் அம்மாவிடம் கேட்டேன். "விடும்மா, பெரிசாக்காதே" என்றார்கள். அந்த அண்ணன் இல்லாமல் எங்கள் வாலிபர் கூடுகையே நடக்காது. நான் என்ன செய்யட்டும்?

பெயர் வேண்டாம் அக்கா.

*

அன்புள்ள தங்கைக்கு,

பெயர் மட்டுமல்ல, ஊரைக் காட்டிக்கொடுக்கும் வரிகளையும் எடுத்துவிட்டேன். பையனைப் பற்றிய விவரங்களில் சிலவற்றை மாற்றியிருக்கிறேன். கடைசிக் கேள்விக்கு உங்களுக்குத் தனியாக எழுதியதை, மற்ற ஆசிரியைகளுக்கும் உதவும் என்பதால் கீழே திரும்ப எழுதுகிறேன். அதற்கு முன் உங்கள் கமிட்டி.

"ஆர்.சி.காரர்கள் பிரச்சினை" என்ற பேச்சை நானும் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவள்தான். அந்தப் பெரியவரிடம் ஜான் ஸ்மைத் என்ற பெயரைச் சொல்லிப் பாருங்கள். கேள்விப்பட்டிருக்க மாட்டார். இங்கிலாந்தில் பெரிய வக்கீல். கல்யாணமாகிப் பிள்ளைகள் உள்ளவர். குருப்பட்டம் பெறாத சாதாரண சபையார், உங்கள் வாலிபர் அண்ணனைப் போல ஒரு தொண்டர். வசதியான பள்ளிகளில் படிக்கும் பையன்களுக்காக யூவர்ன் என்ற இடத்தின் பெயரில் நடந்த கோடைகால வேதாகம முகாம்களில் 1970-களில் அவர்தான் முன்னணி ஆள். அங்கே பழகிய பையன்களை வின்செஸ்டரில் இருந்த தன் வீட்டுக்கு ஞாயிறு மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிடுவார். சாப்பாடு முடிந்ததும் தோட்டத்து மூலையில் இருந்த கொட்டகைக்கு அழைத்துப் போவார். சத்தம் வெளியே கேட்காதபடி கட்டியது. பாவத்தை அறிக்கையிட வேண்டும், அதற்குத் தண்டனையாகப் பிரம்படி. இரத்தம் வரும்வரை அடி. எல்லாம் வேத வசனம் சொல்லித்தான்.

ஒரு இளைஞன் தற்கொலைக்கு முயன்ற பிறகு விஷயம் வெளியே வந்தது. 1982-இல் மார்க் ரஸ்டன் என்ற போதகர் பாதிக்கப்பட்டவர்களிடம் பேசி ஒரு அறிக்கை எழுதினார். அதில் எட்டுப் பேருக்கு மட்டும் விழுந்த அடிகள் ஏறத்தாழ 14,000 என்று கணக்கே இருக்கிறது. அடித்த எண்ணிக்கையை எழுதத் தெரிந்தவர்களுக்குப் போலீஸ் நிலையத்துக்கு வழி தெரியவில்லை. அறிக்கை சில பெரியவர்களின் கையோடு நின்றது. ஊழியத்தின் பெயர் கெட்டுவிடும், பையன்களின் குடும்பங்களுக்கு அவமானம் என்று ஆளாளுக்கு ஒரு காரணம். பள்ளி நிர்வாகமும் இந்தப் பக்கம் வராதே என்று அவரிடம் சொன்னதோடு விட்டது.

ஸ்மைத் என்ன செய்தார்? 1984-இல் குடும்பத்தோடு ஜிம்பாப்வேக்குப் போய் அங்கேயும் பையன்களுக்கு முகாம் நடத்தினார். அங்கேயும் அடித்தார். 1992-இல் ஒரு முகாமில் 16 வயதுப் பையன் ஒருவன் நீச்சல் குளத்தில் பிணமாகக் கிடந்தான். அந்த மரணத்துக்காகத் தொடரப்பட்ட வழக்கு பாதியில் நின்றுபோனது. பிறகு தென்னாப்பிரிக்கா. 2018-இல் கேப்டவுனில், எந்த நீதிமன்றத்திலும் தண்டனை பெறாமல் செத்தார். 2024 நவம்பரில், இங்கிலாந்துத் திருச்சபை நியமித்த மேக்கின் ஆய்வறிக்கை வந்தபோது, இரண்டு கண்டங்களிலும் சேர்த்துப் பாதிக்கப்பட்டவர்கள் நூற்றுக்கு மேல் என்று மதிப்பிட்டது. 2013-இலேயே தகவல் தெரிந்தும் போதிய நடவடிக்கை எடுக்கவில்லை என்று அந்த அறிக்கை சுட்டியதால் கேன்டர்பரி பேராயர் ஜஸ்டின் வெல்பி பதவி விலகினார். நம் தென்னிந்தியத் திருச்சபையும் அங்கம் வகிக்கும் ஆங்கிலிக்கன் ஐக்கியத்தின் தலைமைப் பீடம் அது. இனி உங்கள் பெரியவர் "அவர்கள் பிரச்சினை" என்று எதைச் சொல்வார்?

அமெரிக்காவின் தென் பாப்திஸ்து சபைகளில் பிஷப்பும் இல்லை, துறவறமும் இல்லை. ஒவ்வொரு சபையும் தன்னாட்சி. 2019-இல் ஹூஸ்டன் க்ரானிக்கிள் நாளிதழ் இருபது வருடக் கணக்கைத் தோண்டியபோது, பாலியல் குற்றம் சாட்டப்பட்ட ஊழியர்களும் தொண்டர்களும் சுமார் 380 பேர், பாதிக்கப்பட்டவர்கள் 700-க்கு மேல். வாலிபர் ஊழியத்தில் இருந்தவர்கள் அதில் ஏராளம். கத்தோலிக்கக் கணக்கும் இருக்கிறது: 1950 முதல் 2002 வரை அமெரிக்காவில் 4,392 குருக்கள்மேல் புகார், மொத்தக் குருக்களில் ஏறக்குறைய நூற்றுக்கு நான்கு பேர். மீதி 96 பேரைச் சொல்லிச் சமாதானப்படுபவர்கள் உண்டு. எனக்கு அந்த நான்கு பேரைவிட, அவர்களை ஒரு பங்கிலிருந்து இன்னொரு பங்குக்கு மாற்றிக் கையெழுத்துப் போட்டவர்கள்மேல்தான் கோபம். பாஸ்டனில் 130-க்கும் மேற்பட்டவர்கள் குற்றம் சாட்டிய ஒரு குருவை முப்பது வருடம் இப்படித்தான் சுற்றவிட்டார்கள். மாற்றல் போட்ட கர்தினால் 2002-இல் விலகினார்.

எல்லாம் வெள்ளைக்காரன் கதை என்று சொல்ல இடமில்லாமல் நம் பக்கத்துக் கதை ஒன்றும் உண்டு. உதகை மறைமாவட்டத்திலிருந்து மினசோட்டாவுக்குப் பணியாற்றப் போன குரு ஒருவர், பதின்ம வயதுப் பெண் பிள்ளைகளிடம் தவறாக நடந்ததாகப் புகார் எழுந்தபோது ஊர் திரும்பியிருந்தார். பல வருடம் கழித்து அமெரிக்காவுக்கு நாடு கடத்தப்பட்டு, 2015-இல் ஒரு வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். தண்டனை முடிந்து வந்தவருக்கு, 2016-இல் இங்கே பணித்தடை நீக்கப்பட்டது.

உங்கள் ஐயர் எடுத்த வசனத்துக்கு வருகிறேன். "உன் சகோதரன் உனக்கு விரோதமாய்க் குற்றஞ்செய்தால், அவனிடத்தில் போய், நீயும் அவனும் தனித்திருக்கையில், அவன் குற்றத்தை அவனுக்கு உணர்த்து." இரண்டு பெரிய ஆட்களுக்கு நடுவே வரும் மனத்தாங்கலுக்கு இதைவிட நல்ல வழி இல்லை. கடன் வாங்கித் தராதவன், கமிட்டித் தேர்தலில் காலை வாரியவன், இவர்களுக்கெல்லாம் பொருந்தும். ஆனால் பன்னிரண்டு வயதுப் பையன் எந்த அண்ணனோடு தனித்திருக்கப் பயந்து பாட்டையே விட்டானோ, அதே அண்ணனோடு தனித்திருந்து பேசச் சொல்வதா? அதே அதிகாரத்தில் ஒன்பது வசனம் மேலே போனால், சிறியரில் ஒருவனுக்கு இடறல் உண்டாக்குகிறவன் கழுத்தில் ஏந்திரக்கல்லைக் கட்டிச் சமுத்திரத்தில் அமிழ்த்துவது பற்றி இருக்கிறது. 18-ஆம் அதிகாரத்தைப் படிக்கிறவர்கள் 15-இல் தொடங்குவது ஏன் என்று ஐயரிடம் மரியாதையாகக் கேளுங்கள். ரோமர் 13 நாட்டின் அதிகாரியையே தேவ ஊழியக்காரன் என்கிறது. அவரே அதை வைத்து எத்தனை பிரசங்கம் பண்ணியிருப்பார்.

சிறுபான்மை என்ற பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு சபையில் நடந்ததை எல்லாச் சபையின் தலையிலும் எழுதக் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள், உண்மை. ஆனால் அந்தப் பயம் யாருக்குக் காவலாக நிற்கிறது என்று பாருங்கள். கேரளத்தில் கொட்டியூர் வழக்கு நினைவிருக்கிறதா? 2017. பங்குத்தந்தை. பதினாறு வயதுப் பெண் குழந்தை பெற்றாள். விசாரணை தொடங்கியபோது அவளுடைய அப்பா, நான்தான் காரணம் என்று பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டார். பெற்ற மகளைக் கெடுத்தவன் என்ற பெயரை ஒரு மனிதன் தானாக ஏற்கத் துணிகிறான் என்றால், ஒரு ஃபாதரின் பெயரைக் காப்பது அந்த வீட்டில் எவ்வளவு பெரிய கடமையாக இருந்திருக்கும்! நீதிமன்றத்திலும் பெண்ணும் பெற்றோரும் பிறழ்சாட்சி ஆனார்கள். மரபணுச் சோதனை இருந்ததால் வழக்கு நின்றது. 2019-இல் 20 வருடத் தண்டனை. மேல்முறையீட்டில் 10 வருடமாகக் குறைந்தது. சபையைத் தாக்கக் காத்திருந்தவர்களுக்கு எது அதிகத் தீனி போட்டது, புகாரா, மூடி மறைத்ததா?

கோயில்களில், மடங்களில், மதரசாக்களில், பள்ளிகளில் நடக்காததா என்று யாராவது பின்னூட்டத்தில் கேட்பார்கள். நடக்கிறது. ஆஸ்திரேலியாவின் அரச ஆணையம் ஐந்து வருடம் உட்கார்ந்து பள்ளி, விளையாட்டுக் கழகம், அநாதை இல்லம் என்று எல்லாவற்றையும்தான் விசாரித்தது. பாதிக்கப்பட்டவர்கள் வாய் திறக்கச் சராசரியாக ஏறத்தாழ 24 வருடம் ஆனதாக 2017-இல் சொன்னது. ஆனால் என்னிடம் கேட்டிருப்பது ஒரு ஓய்வுநாள் பள்ளி ஆசிரியை.

இப்போது படிவம். திருடன் மாதிரி நடத்துகிறது என்கிறார்கள். காணிக்கையை எண்ணும்போது இரண்டு பேர் உட்கார்ந்து எண்ணி, இரண்டு பேரும் கையெழுத்துப் போடுவதில்லையா? பொருளாளர் கோபித்துக்கொண்டா போகிறார்? வி.பி.எஸ். மத்தியானத்தை நினைத்துப் பாருங்கள். ஆக்‌ஷன் பாட்டு முடிந்து, ஜூஸ் குடித்த டம்ளர்கள் திண்ணையில் கிடக்கும். பாதிப் பிள்ளைகள் போயாயிற்று. அம்மா வரத் தாமதமான ஒன்றிரண்டு மட்டும் கேட்டில் நிற்கும். "நான் கொண்டு விட்டுர்றேன்" என்று ஒரு அண்ணன் பைக்கை எடுப்பார். நூற்றுக்குத் தொண்ணூற்றாறு தடவை அது வெறும் நல்ல மனசு. மிச்சம் நாலு எது என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல உங்களால் முடியாது, என்னாலும் முடியாது. ஸ்மைத்தின் முகத்தைப் பார்த்து இங்கிலாந்தின் மெத்தப் படித்தவர்களால் முடியவில்லை. விதி இருந்தால் முகம் பார்க்க வேண்டியதில்லை. கழிப்பறைக்கு இரண்டு பிள்ளைகளாக அனுப்புவது, வகுப்பறைக் கதவைத் திறந்து வைப்பது, கேம்ப்பில் பெரியவர்கள் படுக்கும் அறை வேறாக இருப்பது, பிள்ளைகளுக்குச் செய்தி போனால் பெற்றோரும் இருக்கும் குழுவில் போவது, இதில் யாருக்கு என்ன அவமானம்?

உங்கள் பையன் விஷயத்திலும் இதுவே முதல் உதவி. யார் பெயரையும் சொல்லாமல், குற்றம் சாட்டாமல், இன்றைக்கே பாடகர் குழுவில் எந்தப் பெரியவரும் பிள்ளைகளோடு தனியாக இருக்க முடியாதபடி செய்துவிடலாம்.

அவன் சொன்னது எதுவாகவும் இருக்கலாம். அந்த அண்ணன் எல்லோர் முன்னாலும் திட்டியிருக்கலாம். வேறு ஏதாவதும் இருக்கலாம். அதைக் கண்டுபிடிப்பது உங்கள் வேலை இல்லை, கமிட்டியின் வேலை நிச்சயமாக இல்லை. ஒரே ஒருமுறை, மற்றவர்கள் பார்க்கிற, ஆனால் காதில் விழாத இடத்தில் உட்கார்ந்து, "உன்மேல் எந்தத் தப்பும் இல்லை, எப்போது வேண்டுமானாலும் என்னிடம் சொல்லலாம்" என்று சொல்லுங்கள். "அண்ணன் தொட்டாரா" என்று வார்த்தையை எடுத்துக் கொடுக்காதீர்கள். "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று சத்தியம் பண்ணாதீர்கள், காப்பாற்ற முடியாது. அவன் எதையாவது சொன்னால், அவன் வார்த்தையிலேயே தேதியோடு எழுதி வையுங்கள். திரும்பத் திரும்பச் சொல்ல வைக்காதீர்கள். முக்கியமாக, அந்த அண்ணனிடம் யாரும் போய் "என்னப்பா இப்படிச் சொல்றான்" என்று கேட்டுவிட வேண்டாம். கேட்டால் அன்று சாயந்தரமே பையன் வீட்டில் ஆள் போய் நிற்பார்கள்.

பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டம் 2012 நவம்பர் 14-லிருந்து அமலில் இருக்கிறது. அதன் 19-ஆம் பிரிவின்படி குற்றம் நடந்தது தெரிந்தால் மட்டுமல்ல, நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தாலே காவல்துறைக்குத் தகவல் சொல்ல வேண்டும். நடந்தது தெரிந்தும் சொல்லாவிட்டால் ஆறு மாதம் வரை சிறை. நிறுவனப் பொறுப்பில் இருப்பவர் தனக்குக் கீழுள்ளவரின் குற்றத்தை மறைத்தால் ஒரு வருடம் வரை. அம்மா வேண்டாம் என்றார், ஐயர் ஜெபிப்போம் என்றார் என்பது தப்பிக்க உதவாது. நல்லெண்ணத்தோடு தகவல் சொன்னவர்மேல் வழக்குப் போட முடியாது என்பதும் அதே பிரிவில் இருக்கிறது. பிள்ளையை ஸ்டேஷனுக்கு இழுத்து அலைக்கழிப்பார்களே என்று அந்த அம்மா பயப்படுகிறாரா? வாக்குமூலத்தைப் பிள்ளையின் வீட்டிலோ அவன் விரும்பும் இடத்திலோ, சீருடை இல்லாமல் வந்துதான் எழுத வேண்டும். கூடியவரை பெண் உதவி ஆய்வாளர் எழுத வேண்டும். பையனின் பெயரோ படமோ பத்திரிகையில் வரக்கூடாது. இதை அவரிடம் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகச் சொல்லுங்கள். "பெரிசாக்காதே" என்பவர்களில் பாதிப் பேர் இது தெரியாதவர்கள்.

பையன் ஒன்றும் சொல்லாவிட்டாலும் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு ஒரு போன் போடுங்கள். இலவசம், இரவிலும் எடுப்பார்கள். நடந்ததைச் சொல்லி அடுத்து என்ன செய்யலாம் என்று கேளுங்கள். வி.பி.எஸ். முடியட்டும் என்று தள்ளிப்போட வேண்டாம்.

படிவத்தில் கையெழுத்துப் போடுங்கள். போடும் முன் அதில் ஒன்றைப் பாருங்கள்: புகாரை யாரிடம் கொடுப்பது என்ற இடத்தில் சேகரகுருவின் (உங்கள் ஐயரின்) பெயரும் கமிட்டிச் செயலாளரின் பெயரும் மட்டும் இருந்தால், அதன் கீழே 1098 என்றும் உங்கள் ஊர் அனைத்து மகளிர் காவல் நிலையத்தின் எண்ணையும் எழுதிச் சேர்க்கச் சொல்லுங்கள். அதே இரண்டு எண்களைப் பிள்ளைகள் படிக்கிற மாதிரி பெரிய எழுத்தில் ஓய்வுநாள் பள்ளிச் சுவரிலும் ஒட்டிவிடுங்கள். கமிட்டி கிழித்தால் மறுபடி ஒட்டுங்கள். பசைக் காசு நான் தருகிறேன்.

அன்புடன்,
அக்கா