அயர்லாந்து உரிமத்தோடு ஜெர்மனியில்: ரேட்டிங்கைப் புதுப்பிக்கும் வழி

தம்பி, அயர்லாந்தில் எடுத்த தனியார் விமானி உரிமத்தோடு வேலைக்காக மியூனிக் வந்திருப்பதாகவும், ஒற்றை எஞ்சின் ரேட்டிங் (அந்த வகை விமானத்தை ஓட்டலாம் என்று உரிமத்தில் பதியப்படும் தகுதி) சில மாதங்களில் காலாவதியாவதாகவும், அதைப் புதுப்பிக்க முதலில் ஜெர்மன் உரிமத்துக்கு மாற வேண்டுமா என்றும் கேட்டிருந்தீர்கள். மாற வேண்டியதில்லை. விமானிகளுக்கான ஐரோப்பிய ஒன்றியத்தின் 1178/2011 ஒழுங்குமுறையின் கீழ் வழங்கப்பட்ட உரிமம் ஒன்றியம் முழுவதும் செல்லும். உரிமத்துக்குக் காலாவதியே கிடையாது, அதில் ஏறியிருக்கும் ரேட்டிங்குக்குத்தான் 2 ஆண்டுக் கெடு.

சிக்கல் கையெழுத்தில்தான் வரும். காலாவதிக்கு முந்தைய 12 மாதங்களில் 12 மணி நேரம் பறந்து, அதில் 6 மணி நேரம் நீங்களே பொறுப்பு விமானியாக இருந்து, 12 முறை ஏறி 12 முறை இறங்கி, பயிற்றுநரோடு 1 மணி நேரப் பயிற்சியும் முடித்திருந்தால் திறன் சோதனை தேவையில்லை. பயிற்சி முடிந்ததும் பயிற்றுநர் உங்கள் லாக் புக்கில் (பறந்த நேரங்களைப் பதியும் ஏட்டில்) கையெழுத்திடுவார். ஆனால் உரிமத்தில் ரேட்டிங்கின் பெயருக்கு எதிரே புதிய காலாவதித் தேதியை எழுதிக் கையெழுத்திட வேண்டுமென்றால், உங்கள் உரிமத்துக்குப் பொறுப்பான ஆணையம், அதாவது ஐரிஷ் விமானப் போக்குவரத்து ஆணையம், அதற்கென அவருக்கு அதிகாரம் தந்திருக்க வேண்டும். ஜெர்மன் உரிமங்களுக்கு எழுதிப் பழகிய நல்ல பயிற்றுநர்கள்கூட இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் எழுதிவிடுவதுண்டு. பிறகு விமான நிலையத்தில் யாராவது காகிதங்களைப் பரிசோதிக்கும்போது பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். ஆகவே பறப்பதற்கு முன்பே ஐரிஷ் ஆணையத்துக்கு எழுதிக் கேட்டு, வரும் பதிலை உரிமத்தோடு வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பதில் இழுபறியானால் தேர்வாளரிடம் திறன் சோதனைக்குச் செல்வதே நல்லது என்பது என் கருத்து. அவர் எந்த உறுப்பு நாட்டின் சான்றிதழ் பெற்றவராகவும் இருக்கலாம். ஆனால் நாட்டுக்கு நாடு மாறும் நடைமுறைகளைத் தொகுத்து ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகமை வெளியிடும் ஆவணத்தில் அயர்லாந்துக்குரிய பகுதியை அவர் படித்திருக்கிறாரா, படிவம் எது, முன்னறிவிப்பு வேண்டுமா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். கடைசி 3 மாதங்களுக்குள் சோதனையை முடித்தால் புதிய 2 ஆண்டு பழைய காலாவதித் தேதியிலிருந்தே கணக்காகும், உங்களுக்கு ஒரு நாளும் நட்டமில்லை. கெடு தாண்டிவிட்டாலோ, எவ்வளவு பயிற்சி வேண்டும் என்ற மதிப்பீடு முதலில், சோதனை பிறகு.

உரிம மாற்றத்தை ரேட்டிங் கைக்கு வந்த பிறகு யோசியுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் தொடங்கவே வேண்டாம். மாறினால் மருத்துவக் கோப்பும் உரிமத்தோடு சேர்ந்தே நகர வேண்டும். ஜெர்மனியில் தனியார் விமானிகளை மாநில அலுவலகங்களே கவனிக்கின்றன என்பதால், மியூனிக்வாசியான நீங்கள் போக வேண்டிய இடம் பிரவுன்ஷ்வைக்கிலுள்ள மத்திய அலுவலகம் அல்ல, தென் பவேரியாவின் விமானப் போக்குவரத்து அலுவலகமான லுஃப்ட்ஆம்ட் ஸூட்பயர்ன். ஜெர்மன் விமானப் பாதுகாப்புச் சட்டத்தின் 7ஆம் பிரிவுப்படி பின்னணிச் சரிபார்ப்பும் உண்டு. அது 5 ஆண்டுகளுக்குச் செல்லும். பல நாடுகளில் முகவரி வைத்திருந்தவர்களுக்கு இதில் காத்திருப்பு நீளக்கூடும்.

பிரிட்டன் உரிமம் வைத்திருக்கும் உங்கள் லண்டன் நண்பரின் நிலை வேறு. 2021 ஜனவரி 1 முதல் பிரிட்டன் உரிமம் இங்கே மூன்றாம் நாட்டு உரிமம். அதை மாற்ற 100 மணி நேரப் பறத்தல் அனுபவமும் இரண்டாம் வகுப்பு மருத்துவச் சான்றும் வேண்டும்; விமானச் சட்டத்திலும் மனிதச் செயல்திறனிலும் எழுத்துத் தேர்வும், அதன்மேல் பறத்தல் தேர்வும் உண்டு.