ஷாப் ஹாப் வருகிறதென்றால் ஒரு குவில்ட் கடைக்குள் என்ன நடக்கும்?

கேள்வி: அமெரிக்காவில் குவில்ட் என்கிற ஒட்டுப்போர்வைக்குத் துணி விற்கும் கடைகள் ஒன்றுசேர்ந்து 'ஷாப் ஹாப்' என்று நடத்துகிறார்களாமே, அது என்ன? அதற்கு ஒரு கடை எப்படித் தயாராகிறது?

எங்கள் கடையில் ஒரு பழைய நோட்டு இருக்கிறது. ஷாப் ஹாப் முடிந்து கடை திறக்கும் முதல் நாள் மட்டும்தான் அதில் எழுதுவோம். "வெள்ளி மதியம் 2 மணி: கழிப்பறைக் காகிதம் தீர்ந்துவிட்டது." "சனி: பில் போடும் இடத்தில் ஒரு பேனாகூட இல்லை." "மஞ்சள் துணி போதவில்லை. எந்த வருடமும் மஞ்சள்தான் போதுவதில்லை." இப்படிப் பதினைந்து வருடத்துக் குறிப்புகள். அதைப் படித்தாலே உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் வந்துவிடும். மீதியை நான் சொல்கிறேன்.

அயோவா மாநிலத்தில் ஒரு சின்ன ஊரில், வாரம் மூன்று நாள் ஒரு குவில்ட் கடையில் வேலை செய்கிறேன். ஐந்து வருடமாகிறது. அம்மா மதுரையில் வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக் கொடுத்தவர் என்பதால் துணியும் கத்தரியும் எனக்குப் புதிதில்லை. நல்ல புதுத் துணியை விலை கொடுத்து வாங்கி, துண்டு துண்டாக வெட்டி, மறுபடி ஒட்டுப்போட்டுத் தைப்பார்கள் என்பதுதான் புதிது. அம்மாவிடம் போனில் சொன்னபோது, "அவங்களுக்கு என்ன கிறுக்கா பிடிச்சிருக்கு?" என்றார்.

மேலே ஒட்டுத்துணி, நடுவில் பேட்டிங் என்கிற பஞ்சு விரிப்பு, அடியில் ஒரு துணி. மூன்றையும் சேர்த்துத் தைத்தால் குவில்ட். இதற்கென்றே நெப்ராஸ்காவின் லிங்கன் நகரிலும் கென்டக்கியின் படூக்காவிலும் அருங்காட்சியகங்கள் இருக்கின்றன. இந்தப் பக்கத்துப் பெண்களுக்கு இது பொழுதுபோக்கைவிடக் கொஞ்சம் பெரிய விஷயம்.

சரி, ஷாப் ஹாப். ஒரு வட்டாரத்துக் கடைகள் கூட்டுச் சேர்ந்து, குறிப்பிட்ட நாள்களில் வாடிக்கையாளர்களை ஊர் ஊராகச் சுற்ற வைப்பது. கையில் 'பாஸ்போர்ட்' என்று ஒரு சின்னப் புத்தகம் கொடுப்பார்கள். ஒவ்வொரு கடையிலும் முத்திரை வாங்க வேண்டும். எல்லா முத்திரையும் சேர்ந்தால் பரிசுக் குலுக்கல். ஒவ்வொரு கடையும் போர்வையின் ஒரு சதுரத்துக்கான மாதிரித் தாளை, அதாவது எப்படி வெட்டித் தைப்பது என்ற குறிப்பை, இலவசமாகத் தரும். எங்கள் கூட்டில் ஒன்பது கடைகள். ஒன்பது சதுரத்தையும் இணைத்தால் ஒரு முழுப் போர்வை. ஒரு சதுரம் விட்டுப்போனால் போர்வை பொக்கை வாய்தான். அந்த ஒன்றுக்காகவே எண்பது மைல் கூடுதலாக ஓட்டிக்கொண்டு வருபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எங்களுடையது ஜூன் மாதத்தில் வியாழன், வெள்ளி, சனி. தயாரிப்பு முந்தைய இலையுதிர்காலத்திலேயே ஆரம்பித்துவிடும். ஏனென்றால் குவில்ட் துணி உலகத்தில் ஒரு வினோதம் உண்டு. ஒரு டிசைன் தொகுப்பைப் பெரும்பாலும் ஒரே தடவைதான் அச்சடிப்பார்கள். துணிக் கம்பெனியின் பிரதிநிதி மாதிரி அட்டைகளோடு வருவார். துணி வந்து சேர்வதற்கு மாதக்கணக்கில் முன்னாலேயே எத்தனை போல்ட் வேண்டும் என்று சொல்லிவிட வேண்டும். போல்ட் என்றால் அட்டையில் சுற்றிய துணி, வழக்கமாக 15 கஜம். மே மாதத்தில் "இன்னும் இரண்டு போல்ட் அனுப்புங்கள்" என்று கேட்டால் கிடைக்காது. அதனால் ஜூனில் எத்தனை பேர் எதை வாங்குவார்கள் என்று முந்தைய நவம்பரிலேயே ஊகித்தாக வேண்டும். அந்த நோட்டு இங்கேதான் கைகொடுக்கும்.

குளிர்காலம் முழுக்க மாதிரிப் போர்வை தைக்கும் வேலை. முதலாளியம்மாவுக்கு எழுபது வயது. அவர் அடிக்கடி சொல்வது, "சுவரில் தொங்குவதுதான் விற்கும்." அது நூற்றுக்கு நூறு உண்மை. அலமாரியில் யாரும் திரும்பிப் பார்க்காத பழுப்புத் துணிகூட ஒரு போர்வைக்குள் போய்ச் சுவரில் ஏறினால் மறுநாளே கேட்டு வருவார்கள். ஆனால் மாதிரிக்குப் பக்கத்தில் ஒரு சீட்டு இருக்க வேண்டும்: மாதிரித் தாளின் பெயர், வெட்டிய துணியோடு வரும் கிட்டின் விலை, துணி எந்த அலமாரியில். எழுத்து பெரிதாக இருக்க வேண்டும். வருகிறவர்களில் பாதிப் பேருக்கு மூக்குக் கண்ணாடி நெற்றியில்தான் இருக்கும்.

வசந்தம் வந்தால் வெட்டுகிற வேலை. ரோட்டரி கட்டர் என்று ஒன்று இருக்கிறது, பீட்சா வெட்டும் சக்கரம் மாதிரி, பிளேடு அளவுக்குக் கூர்மை. ஜப்பானின் ஓல்ஃபா நிறுவனம் 1979-ல் கொண்டுவந்தது. அதற்கு முன்னால் எல்லாம் கத்தரிதான் என்று நினைத்தாலே எனக்குக் கட்டைவிரல் வலிக்கும். முதலில் ஃபேட் குவார்ட்டர். சாதாரணக் கால் கஜம் என்றால் 9-க்கு 44 இஞ்ச், ஒல்லியான நீளப் பட்டை. அதற்குப் பதில் அரைக் கஜம் வெட்டி, நடு மடிப்பில் இரண்டாக்கினால் 18-க்கு 22 இஞ்ச். பரப்பு அதேதான், ஆனால் பெரிய பூ டிசைன் வெட்டுப்படாமல் கிடைக்கும். ஒரு போல்ட்டில் கணக்குப்படி அறுபது வரும். அறுபதையும் ஒரே மாதிரி மடித்துக் கூடையில் நிறுத்துவது ஒரு தனிக் கலை. நம் ஊர் மேட்சிங் சென்டரில் ஜாக்கெட் பிட்டை நிறவாரியாக அடுக்கி வைத்திருப்பார்களே, அதே நேர்த்தி வேண்டும். மேட்சிங் சென்டரில் வளர்ந்த கண் எனக்கு இருப்பதாக முதலாளியம்மா நம்புகிறார். நானும் மறுத்ததில்லை.

அப்புறம் கிட். ஒரு போர்வைக்கு வேண்டிய துணியை எல்லாம் அளவாக வெட்டி, மாதிரித் தாளோடு ஒரு பையில் போட்டு விற்பது. என் பெயரைக் கெடுத்துக்கொண்டது இதில்தான்.

மூன்றாவது வருடம். ஒன்பது சதுரத்தையும் இணைக்க இடையில் வைக்கும் பட்டைகளுக்கு ஒரு நீலக் கோடு போட்ட துணி. கிட்டுக்கு நான்கு பட்டை, ஒவ்வொன்றும் இரண்டரை இஞ்ச் அகலம். ஐம்பது கிட் போடுவதாகத் திட்டம். இருநூறு பட்டைக்கு 500 இஞ்ச் துணி; 15 கஜ போல்ட்டில் இருப்பது 540 இஞ்ச். கொஞ்சம் கையிருப்போடு சரியாக வரும். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கடையில் யாருமில்லை. காதில் பாட்டு, கையில் கட்டர். எண்பது பட்டை வெட்டி முடித்து, நிமிர்ந்து ஒன்றை அளந்தேன். இரண்டே கால்.

கண்ணாடி மாதிரி இருக்கும் அந்த அளவுகோலில் கால் இஞ்சுக்கு ஒரு கோடு. ஒரு கோடு தள்ளி வைத்திருக்கிறேன். அதுவும் எண்பது தடவை. மிகச் சரியாக ஐந்து கஜம்.

கால் இஞ்ச் தானே, மாதிரியைக் கொஞ்சம் மாற்றினால் போகிறது என்று தோன்றும். முடியாது. அந்தத் தாளை ஒன்பது கடைகளும் ஏற்கனவே அச்சடித்து வைத்திருந்தன. இன்னொரு போல்ட்டும் கிடைக்காது. அந்தத் துணி தீர்ந்துபோய் இரண்டு மாதமாகியிருந்தது. முதலாளியம்மா வந்தார். பட்டைக் குவியலைப் பார்த்தார். ஒன்றை எடுத்துத் தன் அளவுகோலில் வைத்துப் பார்த்தார். திட்டு வரும் என்று நின்றேன். "இரண்டே கால்" என்றார். "என் விளிம்புப் பட்டை எப்போதும் இரண்டே கால்தான்."

விளிம்புப் பட்டை என்றால் போர்வை முடிந்ததும் சுற்றி வைத்துத் தைக்கும் ஓரம். அதைப் பலர் இரண்டரை இஞ்சில் வெட்டுவார்கள், பலர் இரண்டே காலில். ஓரத்துக்குக் கோடு போட்ட துணி என்றால் குவில்ட்காரர்களுக்கு அலாதிப் பிரியம் வேறு. சோபாவில் போட்டுக்கொள்ளும் அளவுப் போர்வைக்கு ஏழு பட்டை போதும். எண்பதை ஏழு ஏழாகச் சுருட்டி ரிப்பன் கட்டினோம். பதினோரு சுருள், மிச்சம் மூன்று பட்டை. மீதித் துணியில் முப்பத்தாறு கிட்தான் தேறியது. அன்றிலிருந்து வெட்ட ஆரம்பிக்கும் முன் அளவுகோலில் வேண்டிய கோட்டின்மேல் ஒரு வண்ண டேப் ஒட்டிவிடுவேன். காதில் பாட்டும் கிடையாது.

கடைசி வாரத்தில் துணியைவிட மனிதர்களைப் பற்றித்தான் யோசிப்போம். நடைவழியை அகலப்படுத்த இரண்டு அலமாரிகளைப் பின் அறைக்குத் தள்ள வேண்டும்; சக்கர நாற்காலியும் வாக்கரும் வரும். வாசலை ஒட்டி நான்கு நாற்காலி. அவை கணவர்மாருக்கு. பாவம், கார் ஓட்டி வந்து, கைப்பையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்குக் காப்பி கிடைத்தால் மனைவி இன்னும் அரைமணி நேரம் கடையில் இருப்பார் என்பது முதலாளியம்மாவின் வியாபார ரகசியம்.

தின்பண்டத்தில் என் ஆசை பலிக்கவில்லை. முறுக்கு சுட்டுக் கொண்டுவருகிறேன் என்றேன். எண்ணெய்க் கையோடு துணியைத் தொடுவார்கள், வேண்டாம் என்றார். கடலைமிட்டாய்? வேர்க்கடலை ஒவ்வாமை யாருக்காவது இருக்கும், அதுவும் வேண்டாம். கடைசியில் எல்லா வருடமும் போல காகிதம் சுற்றிய பெப்பர்மின்ட் மிட்டாய்தான்.

பெரிய சோதனை பேருந்து. நாற்பது, ஐம்பது பெண்கள் சேர்ந்து ஒரு வண்டியை வாடகைக்கு எடுத்து ஒரே நாளில் நான்கைந்து கடைகளைச் சுற்றுவார்கள். ஒரு கடைக்கு நாற்பது நிமிடம்தான். இறங்கியதும் முதலில் கழிப்பறை, பிறகு முத்திரை, அதற்கப்புறம்தான் துணி. கழிப்பறை ஒன்றே ஒன்று. அதன் வரிசையை மாதிரிப் போர்வைகள் தொங்கும் சுவரை ஒட்டி நிற்க வைப்பது முதலாளியம்மாவின் இன்னொரு சாமர்த்தியம். நிற்கிற பத்து நிமிடத்தில் அவர்கள் எதை வாங்குவது என்று முடிவு செய்துவிடுவார்கள்.

உண்மையில் கடை திணறும் இடம் துணி வெட்டும் மேசைதான். ஒருத்தி ஆறு போல்ட்டைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வந்து "இதில் அரைக் கஜம், அதில் முக்கால்" என்று ஆரம்பித்தால் பின்னால் பன்னிரண்டு பேர் நிற்பார்கள், வெளியே பேருந்து உறுமிக்கொண்டிருக்கும். அதற்குத்தான் முன்கூட்டியே வெட்டி வைப்பது எல்லாம். கையில் எடுத்து நேராக பில்லுக்குப் போகக்கூடிய பொருள் எவ்வளவு அதிகமோ, அவ்வளவுக்கு மேசை மூச்சு விடும். அந்த மூன்று நாளும் இரண்டாவது மேசை ஒன்று போடுவோம். டோக்கன் கொடுப்போம். ஒவ்வொரு நாள் காலையிலும் கட்டருக்குப் புது பிளேடு.

2025-ல் ஒரு புதுச் சிக்கல் வந்தது. ஜோஆன் என்ற பெரிய துணிக்கடைத் தொடர் மே மாதத்தோடு நாடு முழுவதும் தன் எல்லாக் கடைகளையும் மூடிவிட்டது. ஜூனில் எங்களிடம் வந்தவர்களில் பலர் குவில்ட் பக்கமே போகாதவர்கள். ஜிப், எலாஸ்டிக், கம்பளி நூல் எங்கே என்று கேட்டார்கள். எங்களிடம் இருந்தது வெள்ளை எலாஸ்டிக் ஒரு உருளை. அது வியாழன் மதியமே போய்விட்டது. நோட்டில் ஏறிவிட்டது.

அந்தக் கூட்டத்திலும் பேச்சுக்கு நேரமிருக்கும். எண்பது வயதிருக்கும் ஒரு பாட்டி, நான் எந்த ஊர் என்று கேட்டார். தமிழ்நாடு என்றேன். முகம் வெறுமையாக இருந்தது. மெட்ராஸ் பக்கம் என்றேன். "மெட்ராஸா! கல்லூரியில் படிக்கும்போது என்னிடம் மெட்ராஸ் சட்டை இருந்தது. துவைக்கத் துவைக்கச் சாயம் போகும்" என்று கண்கள் மின்னச் சொன்னார். 1960-களில் சாயம் போகும் என்பதையே பெருமையாகச் சொல்லி இங்கே அந்தக் கட்டம் போட்ட துணியை விற்றிருக்கிறார்கள். அதற்கு வெகு காலம் முன்பே சோழமண்டலக் கரையிலிருந்து வந்த பூப்போட்ட துணிகளில் பூவை மட்டும் வெட்டி, வெள்ளைத் துணிமேல் வைத்துத் தைத்து இவர்கள் போர்வை செய்திருக்கிறார்கள். அம்மாவுக்கு இதைச் சொன்ன பிறகு கிறுக்குப் பட்டம் கொஞ்சம் தளர்ந்தது. அந்தப் பாட்டி ஒரு சிவப்புத் துணியைக் காட்டி, "இது சாயம் போகுமா?" என்று கேட்டார். சிவப்புக்கு நான் ஜாமீன் தருவதில்லை. சாயத்தை உறிஞ்சும் தாள் ஒரு பெட்டி சேர்த்து விற்றேன்.

என் பட்டைகள் என்னவாயின என்று கேட்பீர்கள். முப்பத்தாறு கிட்டும் சனிக்கிழமை காலையில்தான் தீர்ந்தன. பதினோரு சுருளும் வெள்ளிக்கிழமை மதியத்துக்குள்ளேயே முடிந்துவிட்டன. அதற்குப் பிறகும் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ஞாயிறு, திங்கள் கடை மூடல். செவ்வாய்க்கிழமை தரையெல்லாம் நூல் பிசிறு. நான் பெருக்கிக்கொண்டிருந்தேன், முதலாளியம்மா நோட்டை எடுத்து எழுதினார். அவர் போனதும் எட்டிப் பார்த்தேன்.

"கோடு போட்ட துணி, இரண்டே கால் இஞ்ச், ஏழு பட்டைச் சுருள். அடுத்த வருடம் வேண்டுமென்றே வெட்டவும். முப்பது."