எம்.பி. பதில் போடவில்லை, மசோதா குழுவில் இருக்கிறது: என்ன செய்யலாம்?

எம்.பி.க்கு எழுதியும் பதில் இல்லை, மசோதா நிலைக்குழுவுக்குப் (மசோதாவை விரிவாக ஆராயும் எம்.பி.க்கள் குழு) போய்விட்டது என்கிறீர்கள். அப்படியானால் உங்கள் தொகுதி எம்.பி.யை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். அவர் அந்தக் குழுவிலேயே இல்லாமல் இருக்கலாம். குழு உறுப்பினர்களுக்கும் எழுதலாம். நாடாளுமன்ற இணையதளத்தில் அவர்கள் பட்டியல் இருக்கிறது: மக்களவையிலிருந்து 21, மாநிலங்களவையிலிருந்து 10 பேர்.

பொதுமக்களிடம் கருத்து கேட்டு குழுவின் அறிவிப்பு வந்தால் கெடு பெரும்பாலும் 15 நாள்தான். "மசோதாவை எதிர்க்கிறேன்" என்று மட்டும் எழுதினால் கோப்பில் தூங்கும். பிரிவு எண், இப்போதுள்ள வாசகம், நீங்கள் கேட்கும் மாற்று வாசகம், நாலு வரியில் காரணம் என்று எழுதுங்கள். நேரில் சாட்சியம் சொல்ல விருப்பமென்றால் அதிலேயே குறிப்பிடுங்கள். அனுப்பியதை மட்டும் முகநூலில் போட்டுவிடாதீர்கள். அது குழுவின் ரகசிய ஆவணமாகிவிடும், வெளியிட்டால் நாடாளுமன்றத்தின் சிறப்புரிமையை மீறிய குற்றமாகலாம்.