நாலுக்கு ஒன்று என்றால் காலா, ஐந்தில் ஒன்றா?

கேள்வி: மேலூரில் என் வீட்டிலேயே ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலையில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். பின்னம், தசமம், சதவீதம் ஆகிய மூன்றையும் முடித்துவிட்டு விகிதத்தைத் தொடங்க எண்ணியிருந்தேன். ஆனால் 1:4 என்ற விகிதத்தைப் பின்னமாக எழுதச் சொன்னால் சிலர் 1/4 என்றும், சிலர் 1/5 என்றும் எழுதுகிறார்கள். எல்லாவற்றையும் சேர்த்து நடத்தினால் இன்னும் குழம்பிவிடுவார்களோ என்று அஞ்சுகிறேன். என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி, மேலூர்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் பிள்ளைகளில் எவரும் தவறாக எழுதவில்லை. கேள்விதான் அரைகுறையாக இருக்கிறது. வீட்டில் இட்லிக்கு ஊறப்போடும்போது நாலு ஆழாக்கு அரிசிக்கு ஓர் ஆழாக்கு உளுந்து என்று அளக்கிறோம் அல்லவா? அந்த உளுந்து அரிசியில் கால் பங்கு. ஊறப்போட்ட மொத்தத்திலோ ஐந்தில் ஒரு பங்கு. பாடநூலில் 1:4 என்பதை 1/4 என்றும் எழுதிக் காட்டுவதால், அதைப் படித்த பிள்ளை உளுந்தை அரிசியோடு ஒப்பிடுகிறது. பின்னம் என்றால் முழுமையின் பங்கு என்று மனத்தில் பதிந்த பிள்ளை மொத்தத்தோடு ஒப்பிடுகிறது. இருவரிடமும் “எதில்?” என்ற ஒரே கேள்வியைக் கேளுங்கள். “அரிசியில் 1/4, அதாவது 0.25, அதாவது 25 சதவீதம். மொத்தத்தில் 1/5, அதாவது 0.2, அதாவது 20 சதவீதம்” என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். பார்த்தீர்களா, நான்கு பாடமும் ஒரே மூச்சில் வந்துவிட்டன. ஆகவே சேர்த்தே நடத்துங்கள் என்பதுதான் என் உறுதியான கருத்து. விகிதத்தைக் கடைசிக்குத் தள்ளிவைத்தால், அதற்குள் மற்ற மூன்றும் வெறும் மாற்றிப்போடும் விதிகளாக மனத்தில் இறுகிவிடும்.

சேர்த்து நடத்துவது என்றால் நான்கையும் ஒரே நாளில் திணிப்பது அன்று. முதலில் அரை, கால், முக்கால், அரைக்கால் ஆகியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் நான்கு உருவிலும் சொல்லப் பழக்குங்கள். முக்கால் என்பது 0.75, அது 75 சதவீதம், எடுத்ததற்கும் எஞ்சியதற்கும் உள்ள விகிதம் 3:1. நம் பழைய வாய்பாட்டில் இருபதில் ஒரு பங்குக்கு ‘மா’ என்று பெயர், அதுவே 0.05, அதுவே 5 சதவீதம், எஞ்சியதோடு விகிதம் 1:19. இந்தப் பெயரைச் சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகள் மறக்கவே மாட்டார்கள்.

இவை கைவந்தபின் தங்கத்துக்குப் போகலாம். இதைவிட நல்ல பாடப்பொருளை நான் கண்டதில்லை. மதுரையில் தெற்காவணி மூல வீதிக்கு நகை வாங்கப் போகிற எல்லோரும் 916 என்ற எண்ணைப் பார்க்கிறோம். சுத்தத் தங்கம் 24 காரட். நகை 22 காரட் என்றால் 24 பங்கில் 22 பங்கு தங்கம், அதாவது 11/12. வகுத்துப் பார்த்தால் 0.91666 என்று முடிவில்லாமல் நீளும். ஆயிரத்துக்கு 916 பங்கு என்று முத்திரையிடுகிறார்கள். சதவீதத்தில் ஏறத்தாழ 91.67. தங்கத்துக்கும் அதில் கலந்த பிற உலோகத்துக்கும் உள்ள விகிதம் 11:1. எட்டு கிராம் கொண்ட ஒரு பவுன் நகையில் தங்கம் எவ்வளவு என்று கேட்டால் 8 × 11/12, ஏறத்தாழ 7.33 கிராம். பின்னம் துல்லியமாக இருக்க, தசமம் எங்கோ ஓரிடத்தில் நறுக்கப்பட வேண்டியிருக்கிறது என்பதையும் பிள்ளைகள் இங்கேயே கண்டுகொள்வார்கள்.

சதவீதத்திலும் பிழை பெரும்பாலும் அந்த “எதில்?” என்ற இடத்திலேதான் நேர்கிறது. கிலோ 800 ரூபாய் விற்ற மல்லிகைப்பூ முகூர்த்த நாளில் 25 சதவீதம் ஏறி, மறுநாள் 25 சதவீதம் இறங்கினால் பழைய விலைக்கே வந்துவிடும் என்று பிள்ளைகள் நம்புவார்கள். ஏறியது 800-இல் கால் பங்கு, ஆகவே விலை 1,000. இறங்கியதோ 1,000-இல் கால் பங்கு, ஆகவே 750. இதை நீங்கள் சொல்லிவிடாமல் அவர்களையே கணக்கிடச் செய்யுங்கள்.

இன்னும் ஒன்று. விகிதத்தைப் பெருக்கலாகப் பார்க்காமல் கூட்டலாகப் பார்க்கும் பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் உண்டு. எட்டு ஆழாக்கு அரிசிக்கு எவ்வளவு உளுந்து என்றால், “அரிசியில் நாலு கூடியது, உளுந்திலும் நாலு கூட்டினால் ஐந்து” என்பார்கள். திருத்த அவசரப்படாமல், அந்த மாவை அம்மாவிடம் அரைக்கச் சொல்வாயா என்று கேளுங்கள். அடுப்படியில் நின்று பார்த்த பிள்ளை தானே இரண்டு என்று மாற்றிக்கொள்ளும். விகிதசமத்தில் குறுக்குப் பெருக்கலை இதற்கெல்லாம் பின்னரே காட்டுங்கள். அதைக் கற்றவுடன் பிள்ளைகள் எல்லாவற்றையும் அதற்குள் போடுவார்கள் என்பதால், விகிதத்துக்கு அடங்காத கணக்குகளையும் இடையிடையே கொடுங்கள்: ஒரு தட்டு இட்லி வேகப் பத்து நிமிடம் ஆகுமென்றால், ஒரே கொப்பரையில் இரண்டு தட்டு வேக இருபது நிமிடம் ஆகுமா?