முதலில் வீட்டிலுள்ள காய்ச்சல் தெர்மாமீட்டரை எடுங்கள்

கேள்வி: ஃபேன் வைத்த, முட்டை பொரிக்கும் சின்ன இன்குபேட்டர் ஒன்றை வாங்கி, சிறுவிடை (சின்ன நாட்டுக்கோழி ரகம்) முட்டை 36 வைத்தேன். டிஸ்ப்ளேயில் முதல் நாளிலிருந்து 37.5 தான் ஓடியது. ஆனால் 19-ஆம் நாள் ராத்திரியே ஓட்டைக் கொத்த ஆரம்பித்துவிட்டன. 14 குஞ்சுதான் வந்தது, அதிலும் சிலதுக்குத் தொப்புள் மூடவில்லை. சந்தேகப்பட்டு ஒரு தெர்மாமீட்டர் வாங்கி உள்ளே வைத்தால் அது 38.6 காட்டுகிறது. எதை நம்புவது? மூன்றாவதாக எதை வாங்கலாம் ஐயா?
– வாசகி, ஒட்டன்சத்திரம்

பதில்: பாதிப் பதிலை உங்கள் குஞ்சுகளே சொல்லிவிட்டன அம்மா. கோழி முட்டைக்கு 21 நாள். அதற்கு இரண்டு நாள் முன்பே கொத்துவதும், தொப்புள் ஆறாமல் வருவதும் சூடு கூடிப்போனதற்கு அடையாளம். சூடு குறைந்திருந்தால் 22, 23 என்று தள்ளிப்போயிருக்கும். அதனால் டிஸ்ப்ளே 37.5 என்று சொன்னாலும் உள்ளே அதைவிட அதிகம் இருந்திருக்கிறது. அதற்காகப் புதிதாக வாங்கியது சொல்லும் 38.6 சரி என்றும் ஆகிவிடாது, அதையும் சோதிக்க வேண்டும்.

மூன்றாவது ஒன்றை இப்போதைக்கு வாங்காதீர்கள். வீட்டில் காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் இருக்கும். மனித உடம்புக்காகச் செய்தது என்பதால், நமக்குத் தேவையான 37, 38 டிகிரி பக்கத்தில்தான் அது மிகச் சரியாக இருக்கும், நல்லதில் பிழை 0.1 டிகிரிக்குள்தான். கோழிக்கென்று விற்கும் மலிவான மீட்டர்களில் பலவற்றுக்கு இந்தத் துல்லியம் கிடையாது. புள்ளிக்குப் பிறகு ஓர் எண் ஓடுவதைப் பார்த்து 0.1 வரை சரியாகச் சொல்கிறது என்று நினைத்துவிடுகிறோம். உள்ளே இருக்கும் சென்சார் ஒரு டிகிரி தப்பாக இருந்தாலும் டிஸ்ப்ளே அந்தத் தப்பைப் புள்ளி வைத்துத்தான் காட்டும்.

சோதிப்பது இப்படி. ஃபிளாஸ்கில் கை பொறுக்கும் வெந்நீர், 38 டிகிரி பக்கத்தில் இருக்கும்படி ஊற்றுங்கள். காய்ச்சல் தெர்மாமீட்டரின் முனையும், இன்குபேட்டர் சென்சாரின் முனையும் (வயர் நுனியில் உலோகக் குப்பி போட்டு அடைத்த வகையாக இருந்தால் மட்டும்) ஒட்டி இருக்கும்படி ரப்பர் பேண்ட் போட்டு, இரண்டையும் தண்ணீரில் விட்டு மெதுவாகக் கலக்கிக்கொண்டே இருங்கள். பீப் அடித்ததும் இரண்டு எண்ணையும் எழுதிக்கொள்ளுங்கள். காய்ச்சல் தெர்மாமீட்டர் தொட்ட உச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதால் ஒவ்வொரு முறையும் அணைத்துப் போட வேண்டும், மூன்று முறையாவது பாருங்கள். அது ஃபாரன்ஹீட் காட்டினால் 99.5 என்பது 37.5, 100 என்பது 37.8. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மூன்று முறையும் ஒரே அளவில் வந்தால் சென்சார் உருப்படிதான், அந்த அளவைக் கூட்டியோ கழித்தோ வைத்துக்கொண்டால் போதும். ஒருமுறை 0.4, ஒருமுறை 1.2 என்று அலைந்தால் மாற்றிவிடுங்கள்.

சூட்டைக் கட்டுப்படுத்தும், சிவப்பு எண் ஓடும் டபிள்யூ1209 (W1209) போர்டு உங்களுடையதில் இருந்தால், செட் பட்டனை அழுத்திப் பிடித்து பி4 (P4) என்ற அமைப்புக்குப் போய் இந்தத் திருத்தத்தை அங்கேயே கொடுக்கலாம். அப்படியே பி1-ஐயும் பாருங்கள். அது எத்தனை டிகிரி இறங்கிய பிறகு சூடேற்ற வேண்டும் என்பதற்கானது, வரும்போதே 2 டிகிரி என்று இருக்கும். முட்டைக்கு அது ரொம்ப அதிகம், 0.3 பக்கம் வையுங்கள்.

தண்ணீரில் விட முடியாத, ஈரப்பதமும் சேர்த்துக் காட்டும் மீட்டர் என்றால், முட்டை இல்லாமல் இன்குபேட்டரை ஓட விட்டு, இப்படிச் சரிபார்த்த சென்சாரின் பக்கத்திலேயே இரண்டு மணி நேரம் வைத்து ஒப்பிடுங்கள். கட்டாயம் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் சென்சாரின் பெயரைக் கேளுங்கள்: டிஹெச்டி11 என்றால் பிழை 2 டிகிரி வரை போகும், வேண்டாம். டிஹெச்டி22, டிஎஸ்18பி20 இரண்டும் அரை டிகிரி. எஸ்ஹெச்டி31-இல் பிழை இன்னும் குறைவு. கண்ணாடித் தெர்மாமீட்டர் என்றால் கடையில் தொங்குகிற எல்லாவற்றையும் ஒருமுறை பாருங்கள், ஒரே கடைக்குள் ஒன்று 29, ஒன்று 31 காட்டும். பெரும்பாலானவை ஒத்துப்போகும் எண்ணைக் காட்டுவதை எடுங்கள்.

இதையெல்லாம் நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். பல வருடம் முன்பு பக்கத்துத் தோட்டத்தில் கேட்டு வாங்கிய பெருவிடை (பெரிய நாட்டுக்கோழி ரகம்) முட்டைகளை ஒரே ஒரு மீட்டரை நம்பி வைத்தேன். பொரியாத முட்டை ஒன்றை உடைத்தபோது, முடி முளைத்து, அலகில் ஓட்டை உடைக்க உதவும் அந்த வெள்ளைப் புள்ளிகூட வந்த முழுக் குஞ்சு, வயிற்றுக்கு வெளியே மஞ்சள் கரு அப்படியே தொங்கியபடி கிடந்தது. இன்னும் மூன்று நாள் சூடு சரியாக இருந்திருந்தால் அந்தக் குஞ்சு வெளியே வந்து நடை போட்டிருக்கும். அன்றிலிருந்து சோதிக்காத மீட்டரோடு நான் முட்டை வைப்பதில்லை, நீங்களும் வைக்காதீர்கள். கரண்ட் போய் ஒரு மணி நேரம் சூடு இறங்கினால் கருவுக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, ஆனால் சூடு ஏறினால் அது தாங்காது.

கேள்வி: தெர்மாகோல் பெட்டியில் குண்டு பல்பு போட்டுச் செய்திருக்கிறேன், ஃபேன் இல்லை. தெர்மாமீட்டரை எங்கே வைப்பது?
– வாசகர், பரமத்திவேலூர்

பதில்: முட்டையின் மேல்புற மட்டத்தில், பல்பின் நேர் வெளிச்சம் படாமல். ஃபேன் இல்லாத பெட்டியில் சூடு மேலே தங்கிவிடும், நாலு விரல் உயர்த்தினாலே எண் மாறும். அதனால் அந்த மட்டத்தில் 38.3-லிருந்து 38.9 வரை வைக்க வேண்டும். ஃபேன் உள்ளதற்குச் சொல்லும் 37.5-ஐ இங்கே வைத்தால் முட்டையின் அடிப்பாகம் குளிர்ந்துவிடும். மூலைக்கு மூலை ஒருநாள் மாற்றி வைத்துப் பார்த்துவிட்டு அப்புறம் முட்டை வையுங்கள்.

கேள்வி: நெற்றியில் காட்டிப் பார்க்கும் துப்பாக்கி மாதிரி மீட்டர் சும்மா கிடக்கிறது. அதை வைத்துப் பார்க்கலாமா?
– வாசகர், ஆத்தூர்

பதில்: வேண்டாம். அது காற்றின் சூட்டை அளப்பதில்லை, எதைக் காட்டுகிறோமோ அதன் மேல்பரப்பைத்தான் அளக்கும். அதுவும் நெற்றிக்கென்று கணக்குப் போட்டு எண்ணை மாற்றிக் காட்டும். பார்ப்பதற்காக மூடியைத் திறந்த நொடியே முட்டை ஓடு குளிர ஆரம்பித்துவிடும்.